முதல் கோர்த்திக் வாங்கும் முன்

அதிகாரிகளின் பழைய அலங்காரக் குத்துவாள்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் போய் நிற்பது 1930களின் ஜெர்மன் வாள்களிடம். வேண்டாம். அவற்றில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. போதாததற்கு நாஜி முத்திரை வேறு. சோவியத் கடற்படை அதிகாரிகளின் குத்துவாளான 'கோர்த்திக்'கில் தொடங்குங்கள்.

1. முதலில் சட்டம். இந்தியாவில் குத்துவாளும் 1959 ஆயுதச் சட்டத்துக்குள் வருவதுதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

2. அடுத்து உறை. சந்தையில் அதிகம் கிடைப்பது 1945ஆம் ஆண்டு மாடல். கறுப்புத் தோல் உறை, பித்தளைப் பூண்கள். மேல் பூணின் ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் பாய்மரக் கப்பல். கப்பல் இருக்க வேண்டிய இடத்தில் கிரெம்ளின் கோபுரம் இருந்தால் அது தரைப்படை அல்லது விமானப்படை வாள். அதையும் கடற்படை வாள் என்று கூசாமல் விற்பார்கள்!

3. உருவிப் பாருங்கள். அலகு சுமார் 21.5 செ.மீ.; குறுக்குவெட்டு சாய்சதுரம்; விளிம்பில் கூர் இருக்காது. யாராவது சாணை பிடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கைப்பிடியை ஒட்டிய பகுதியில் பெரும்பாலும் ஆண்டு முத்திரை இருக்கும். யூரல் மலைப்பகுதியில் உள்ள ஸ்லாத்தொவூஸ்த் ஊரில் செய்தவை இவை. 1815இல் அங்கே ஆலை தொடங்கியபோது தொழில் கற்றுக்கொடுத்தவர்களில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கைவினைஞர்களும் உண்டு.

4. இனி தேய்மானம். இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே இடுப்பில் தொங்கிய வாளில் மேடான இடங்களில்தான் பொன்முலாம் போயிருக்கும். பள்ளங்களில் மினுக்கம் மிஞ்சியிருக்கும். மேடு பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். உறைக்குள் செருகும்போது பூட்டு 'டக்' என்று பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

5. வீட்டுக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நான் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. மிச்சமிருந்த பொன்முலாம் புளியோடு போயிற்று. மென்மையான உலர்ந்த துணி போதும். அலகில் தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் அலகு துருப்பிடிக்கும், பூணில் களிம்பு ஏறும். நம் ஊர் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.