புது வருஷப் படபடப்புக்கு ஒரு பிளானர்: தீர்மானத்தை விடுங்கள், பாக்கியில் தொடங்குங்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் வரும் படபடப்புக்கு நாம் புது வருஷத்தின் மேல் பழி போடுகிறோம். பாரம் என்னவோ பழைய வருஷத்துடையது. ஏப்ரலில் புதுப்பிக்க நினைத்த பாஸ்போர்ட், பதில் போடாத மெயில், "அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்த போன். இதெல்லாம் அப்படியே கிடக்க, அதன் தலையில் "தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்" என்று இன்னொன்றையும் ஏற்றினால் நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்? அதனால் இந்தச் செய்முறையில் தீர்மானத்துக்குக் கடைசி வரிசை. முன்வரிசை பாக்கிக்கு.

எந்தப் பிளானர்?

இரண்டு பக்கத்தை விரித்தால் ஒரு வாரம் முழுக்கக் கண்ணில் பட வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் வைத்த டைரி புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒத்துவராது. வியாழக்கிழமை என்ன என்று பார்க்கவே நாலு பக்கம் புரட்ட வேண்டும். தேதி அச்சிடாததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, காரணம் கடைசியில் வரும். சாதாரண நோட்டில் ஸ்கேல் வைத்து எட்டுக் கட்டம் பிரித்தாலும் போதும்: ஏழு நாளுக்கு ஏழு, மிச்சம் ஒன்று எந்தக் கிழமையிலும் ஒட்டாத வேலைகளுக்கு.

ஒரு பேனா, ஒரு பென்சில். மாறாதது பேனாவில், நகரக்கூடியது பென்சிலில். ஸ்டிக்கரும் ஆறு நிற ஜெல் பேனாவும் பார்க்க அழகுதான். ஆனால் பக்கத்தை அலங்கரித்து முடிக்கும்போது வேலை எதுவும் குறைந்திருக்காது.

படி 1: தலையில் இருப்பதைக் கொட்டுங்கள், பிளானரில் அல்ல

ஒரு வெற்றுத் தாளை எடுங்கள். போனில் இருபது நிமிஷம் டைமர் வையுங்கள். மனசில் உறுத்துவதை எல்லாம் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். கை நின்றால் வீடு, ஆபீஸ் அல்லது படிப்பு, பணம், உடம்பு, ஆவணங்கள், மனிதர்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். கடைசி இரண்டில்தான் எப்போதும் ஏதாவது ஒளிந்திருக்கும்.

லிஸ்ட் நீண்டால் பயம் கூடாதா என்று கேட்பார்கள். முதல் ஐந்து நிமிஷம் கூடும், மறைக்க வேண்டாம். ஆனால் அரைகுறையாக நிற்கும் வேலை மனசைப் பிறாண்டிக்கொண்டே இருப்பது பற்றி மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தத் தொந்தரவு அடங்க வேலை முடிந்திருக்க வேண்டும் என்றில்லை. அதை எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதினாலே அடங்குகிறது என்று கண்டார்கள். கொட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி நாலாம் படியில் இருக்கிறது.

படி 2: மூன்று குறி

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு எழுத்துப் போடுங்கள். கெடு உள்ளதற்கு "தே". எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் "வே". வேலையே இல்லாமல் வெறும் கவலையாக இருந்தால் "க".

"இந்த வருஷமும் இப்படியே போயிடுமோ" என்பது "க". அதைப் பிளானரில் ஏற்றாதீர்கள், எந்தக் கட்டத்திலும் உட்காராது. "அம்மாவின் முட்டிவலி" என்பதும் பார்க்க "க" போலத்தான் தெரியும். ஆனால் அதற்குள் "எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கு" என்று ஒரு வேலை இருக்கிறது. அப்படி ஏதாவது தேறினால் அதைப் புது வரியாக எழுதி "வே" போடுங்கள். தேறாதவை அந்தத் தாளிலேயே இருக்கட்டும். தாளை மடித்துப் பிளானரின் பின்அட்டையில் செருகிவிடுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் படபடப்பு தொடர்ந்தால் அது பிளானரோடு தீரும் விஷயம் இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

படி 3: மாதப் பக்கத்தில் "தே" மட்டும்

பேனாவில் எழுதுங்கள்: காப்பீட்டுத் தவணை, பரீட்சை, உரிமம் முடியும் நாள், பிறந்தநாள். 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் போன வருஷம் செவ்வாயில் விழுந்த தேதி இந்த வருஷம் புதனில் விழும், லீப் வருஷத்தின் பிப்ரவரி 29 குறுக்கே வந்தால் வியாழனில். பழைய டைரியைப் பார்த்துக் கிழமையோடு காப்பி அடித்து ஏமாறாதீர்கள்.

முக்கியமானது இது: கெடு நாளை எழுதியதும் அதற்கு இரண்டு வாரம் முந்தைய கட்டத்திலும் ஒரு வரி எழுதுங்கள். "15-ம் தேதி உரிமம் முடியுது, போட்டோ எடு" என்பதுபோல. கெடு நாளில் மட்டும் எழுதியவருக்குப் பிளானர் கெட்ட சேதி சொல்லும் காகிதம்தான்.

படி 4: இந்த வாரம், வினைச்சொல்லோடு

"வே" போட்டவற்றில் ஐந்தாறை மட்டும் இந்த வாரத்துக்கு எடுங்கள். எல்லாவற்றையும் அல்ல.

ஒருமுறை வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் "பேங்க்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தேன். வெள்ளியும் வந்தது. எந்த பேங்க், எதற்கு? பத்து நிமிஷம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன், அப்புறம் அதற்கும் அடுத்த வாரம். மாசக் கடைசியில் அவசரமாகப் பணம் அனுப்பப் போனபோது ஓடிபி என் பழைய நம்பருக்குப் போனது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: கணக்கில் போன் நம்பரை மாற்ற வேண்டும் என்பதைத்தான் அவ்வளவு சிக்கனமாக எழுதியிருக்கிறேன்!

இப்போது எழுதுவது இப்படி: "வெள்ளி, மதியம் சாப்பிட்டதும், பேங்க் கிளைக்குப் போய் போன் நம்பர் மாற்றும் படிவம் கொடு. அடையாள அட்டை நகல் பையில்." எப்போது, எங்கே, என்ன செய்கை. இப்படி எழுதி வைத்த எண்ணம் செயலாவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் விரிவாக எழுதியிருக்கிறார். வேலை பெரிதாக இருந்தால் முதல் அடியை மட்டும் எழுதுங்கள். "பாஸ்போர்ட்" அல்ல, "பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து முடியும் தேதியைப் பார்".

படி 5: நாளுக்கு மூன்று

ஒரு கட்டத்தில் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். நம் நேரக் கணக்கு எப்போதும் தப்பு. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள், ஆனது 55.5. நமக்கும் அதே கதைதான், அரை மணி என்று தோன்றினால் முக்கால் மணியாகக் கணக்கு வையுங்கள். வாரத்தில் ஒரு மாலையைக் காலியாகவே விடுங்கள். வழிந்து வருவது எல்லாம் அங்கே போய்ச் சேரும்.

படி 6: படுக்கும் முன் ஐந்து நிமிஷம்

முடிந்ததற்கு டிக். முடியாததை நாளைக்கோ வேறு நாளுக்கோ எழுதி, பழைய இடத்தில் ஓர் அம்புக்குறி. பிறகு நாளைய மூன்று வரி.

2018-ல் 57 இளைஞர்களை வைத்து நடந்த ஒரு தூக்க ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிஷம் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

ஒரே வேலை மூன்று அம்பு வாங்கிவிட்டால் நாலாவது கிடையாது. சின்னதாக்குங்கள், வேறொருவரிடம் கொடுங்கள், இல்லை அடித்துவிடுங்கள். எனக்கு மூன்று அம்பு வாங்கியது "கிடார் பழகு". கிடார் இப்போது அக்கா மகனிடம் இருக்கிறது. அலமாரிப் பக்கம் போகும்போது வரும் அந்தக் குற்ற உணர்ச்சியும் அதோடு போய்விட்டது.

படி 7: வாரம் ஒருமுறை

ஞாயிறோ வேறு நாளோ, கால் மணி நேரம். மாதப் பக்கத்தைப் பார்த்து அடுத்த வாரத்தை எழுதுங்கள். அவ்வளவுதான்.

தீர்மானம் எப்போது?

நாலு வாரம் இப்படி ஓடிய பிறகு. பாக்கி குறைந்து, உங்கள் வாரத்தில் நிஜமாகவே எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று தெரிந்திருக்கும். அப்போது ஒன்றே ஒன்றை எடுங்கள். ஜனவரி 1 தவறிப்போனதே என்று வருந்த வேண்டாம். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் ஆகியவையும் மனசுக்கு அதே புதுத் தொடக்க உணர்வைத் தருவதாக 2014-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

இடையில் இரண்டு வாரம் எழுதாமல் விட்டுப்போகும். எல்லோருக்கும் போகும். பழக்கம் படிவதைப் பற்றி 2010-ல் வந்த ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை என்று கணித்தார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. தேதி அச்சிட்ட பிளானர் என்றால் வெறுமையாகக் கிடக்கும் அந்தப் பக்கங்களை ஒரு கிளிப் போட்டுச் சேர்த்துவிடுங்கள், பின்னோக்கி நிரப்ப உட்காராதீர்கள். அச்சிடாதது என்றால் அந்தத் தொல்லையும் இல்லை. அடுத்த காலிப் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, மூன்று வரி எழுதுங்கள்.