பின் ஆக்சிலில் ஆயில் கசிவு: சீலை மாற்றியும் நிற்காதது ஏன்?

லாரியின் டிஃபரென்ஷியலில் (பின் ஆக்சில் நடுவே உள்ள கியர் அமைப்பில்) ஆயில் கசிந்தால் முதலில் பழி விழுவது, புரொபெல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் ஆயிலைத் தடுத்து நிற்கும் பினியன் சீல் மேல்தான். கழற்றிப் புதிது போடுவார்கள், கொஞ்ச நாள் காய்ந்திருக்கும், அப்புறம் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். "சீல் டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதரை மட்டும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வண்டி ஓட ஓட உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும். அது வெளியேறத்தான் பிரீதர். சேறும் கிரீஸும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வழி தேடும் அழுத்தம் சீல் லிப்பை (அதன் ரப்பர் விளிம்பை) தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். புது சீல் போட்டாலும் இதே கதைதான். சேஸிஸுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது பிரீதரையும் சேர்த்து அடித்து மூடிவிடுவது உண்டு. இன்னும் மோசம், தொலைந்துபோன பிரீதருக்குப் பதில் ஒரு போல்ட்டை முறுக்கி வைப்பது. கழற்றி டீசலில் கழுவி, காற்று தடையில்லாமல் வெளியேறுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் புதிதே போட்டுவிடலாம், சின்னச் சாமான்தான்.

பிரீதர் சரி என்றால் அடுத்து அளவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஃபில்லர் பிளக்கைத் திறக்க வேண்டும். பொதுவாக ஆயில் அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நின்றால் போதும். "கூட இருந்தால் நல்லதுதானே" என்று சரிவில் நிறுத்தி ஊற்றினால், மிச்சம் சீல் வழியாகத்தான் இறங்கும்.

கசிவு எங்கே என்று தெரியாமல் கழற்ற ஆரம்பிப்பது அடுத்த தவறு. பினியன் சீலில் வெளியேறும் ஆயில் காற்றில் பின்னோக்கிப் பரவி, ஹவுசிங் முழுக்கத் தூசியோடு அப்பிக்கொள்ளும். பார்த்தால் பின் கவரே கசிவதுபோல் இருக்கும். முழுசாகக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி, ஒரு நடை ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஈரக்கோடு தொடங்கும் இடத்தைப் பவுடர் காட்டிவிடும். சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் முகர்ந்தும் பாருங்கள். கந்தக நெடியும் கெட்டியும் இருந்தால் கியர் ஆயில். தண்ணீராக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், ஹைட்ராலிக் பிரேக் வண்டிகளில்.

சரி, பினியன் சீல்தான் என்று உறுதியாகிவிட்டது. இங்கேதான் பெரிய செலவுக்கு வழி வைக்கிறார்கள். புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டும் ஃபிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது; அதை விட்டுவிட்டு சீல் மட்டும் மாற்றுவது வீண். ஆட்டம் இல்லையென்றால், நட்டைக் கழற்றும் முன் நட், ஷாஃப்ட், ஃபிளேஞ்ச் மூன்றிலும் ஒரே கோட்டில் சென்டர் பஞ்ச் அடையாளம் வையுங்கள், திரும்ப மாட்டும்போது பழைய நிலை தெரிய. சில ஆக்சில்களில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும் ஸ்லீவ் இருக்கும். பேரிங் பிரீலோடு (பேரிங்கில் முன்கூட்டியே வைக்கும் இறுக்கம்) அதை நம்பித்தான் நிற்கிறது. இம்பாக்ட் கன்னை வைத்து நட்டை ஒரே இழுப்பாக இறுக்கினால் ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கும், பேரிங் சூடாகும். பிறகு நட்டைத் தளர்த்தி அதைச் சரிசெய்ய முடியாது, நசுங்கிய ஸ்லீவ் விரியாது. கனரக வண்டிகளில் பெரும்பாலும் திடமான ஸ்பேசர் இருக்கும். அங்கே மேனுவலில் சொன்ன டார்க் (நட்டை இறுக்கும் விசை அளவு) வைத்தால் போதும்.

ஃபிளேஞ்சில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் எந்தப் புது சீலும் தாங்காது. பள்ளத்தை மூடும் ரிப்பேர் ஸ்லீவ் ஏற்றலாம், இல்லை ஃபிளேஞ்சை மாற்றலாம். சீலைச் சுத்தியலால் ஓரத்தில் தட்டி உள்ளே தள்ளுவதும், லிப்பை ஆயில் தடவாமல் காய்ந்தபடியே போடுவதும் முதல் நாளிலேயே அதைக் கெடுக்கும் வேலைகள்.

கவர் உள்ள வண்டிகளில் பேக்கிங் கசிந்தால், மேலேயே சிலிக்கானைப் பூசி மூடுவதில் பயனில்லை. எண்ணெய்ப் பசை மேல் அது ஒட்டாது. கழற்றிச் சுரண்டி, கிளீனரால் பசை போகத் துடைத்து, சிலிக்கானை மெல்லிய ஒரே கோடாகப் போல்ட் துளைகளின் உள்பக்கமாக இடுங்கள். தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே பிதுங்கிய துண்டு பிய்ந்து ஆயிலோடு சுற்றும். டியூபில் சொன்ன நேரம் காயும் வரை ஆயில் ஊற்றாதீர்கள். தகரக் கவர் போல்ட்டைப் பலம் காட்டி இறுக்கினால் துளையைச் சுற்றித் தகடு குழிந்து, கசிவு இன்னும் கூடும்.

சக்கரத்தின் ஹப் சீல் கசிந்து பிரேக் லைனிங் நனைந்துவிட்டால் பெட்ரோலில் கழுவிப் போட்டுவிடலாம் என்பார்கள். உறிஞ்சிய ஆயில், பிரேக் சூடானதும் மறுபடியும் மேலே வரும். லைனிங்கை மாற்றியே ஆக வேண்டும், அந்த ஆக்சிலின் இரு பக்கமும் சேர்த்து.

ஆயில் மாற்றும்போது முதலில் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள், டிரெய்ன் பிளக் அதற்குப் பிறகுதான். ஃபில்லர் துருப்பிடித்து வர மறுத்தால், உள்ளே இருந்த ஆயிலை வடித்துவிட்ட வண்டி அப்படியே நிற்கும்.