"ஏன் மானிடவியல் எடுத்த?" என்று நேராகக் கேட்காதீர்கள்

மனிதனையும் அவன் பண்பாட்டையும் ஆராயும் மானிடவியலை மாணவர்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள், சேர்ந்தபின் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது முதுகலை ஆய்வேட்டுக்குத் தோதான தலைப்பு. ஆட்கள் பக்கத்து வகுப்பிலேயே கிடைப்பார்கள், பயணச் செலவும் இல்லை. அந்தச் சௌகரியத்தாலேயே இது அரைகுறையாகவும் முடிந்துவிடும்.

சென்னை, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்களில் மானிடவியல் துறை உண்டு. இங்கே இளங்கலையில் இந்தப் பாடம் அரிது. அதனால் முதுகலைக்கு வருகிறவர்கள் வரலாறு, விலங்கியல், பொறியியல் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். நேர்காணலுக்கு 12 முதல் 15 பேர் போதும். ஆனால் அதற்குள் இந்தக் கலவை இருக்க வேண்டும், முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் இரு தரப்பும் இருக்க வேண்டும். உங்கள் கூட்டாளிகளை மட்டும் பிடித்தால் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும். சேர்ந்துவிட்டுப் பாதியில் நின்ற ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள்.

நேர்காணலுக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். துறை வளாகத்துக்குள் வேண்டாம். ஆசிரியர் காதில் விழும் தூரத்தில் யாரும் உண்மையான காரணத்தைச் சொல்லமாட்டார்கள். "ஏன்" என்று கேட்டால் "பாடத்து மேல இன்ட்ரஸ்ட்" என்பார்கள். அது பொய்யில்லை, சேர்ந்தபிறகு தைத்துப் போட்டுக்கொண்ட சட்டை. அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள்: எத்தனை பாடத்துக்கு அப்ளை பண்ணின? எது முதல்ல கெடச்சுது? இந்தப் பாடத்தோட பேரை யார் சொல்லி மொதல்ல கேட்ட? வீட்ல என்ன சொன்னாங்க? அப்போதுதான் கேட்ட பாடத்தில் இடம் கிடைக்காத கதையும், பயிற்சி மையத்தில் யாரோ சொன்ன யோசனையும் வெளியே வரும். குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் விருப்பப்பாடத்துக்கு மட்டும் 500. மானிடவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கணக்குப் போட்டு வந்தவரை ஆர்வமில்லாதவர் என்று தள்ளிவிடாதீர்கள். களப்பணிக்குப் போய்வந்தபின் அவரே பாடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே பகுக்கும்போது சேர்ந்த காரணத்தையும் நீடித்த காரணத்தையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள்.

பாடத்தைப் பற்றிய பார்வையை அறிய ஒரு கேள்வி நன்றாக வேலை செய்யும்: "ஊர்ல அத்தை என்ன படிக்கிறன்னு கேட்டா என்ன சொல்லுவ?" பழங்குடிகளைப் பற்றி என்பவர் சமூக-பண்பாட்டுப் பிரிவையும், எலும்பு, மண்டையோடு என்பவர் உடல்சார் பிரிவையும், கீழடி மாதிரி என்பவர் தொல்லியலையும் முன்னால் வைக்கிறார். நான்காவது பிரிவான மொழிசார் மானிடவியல் எத்தனை பேர் வாயில் வருகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, மானிடவியல் என்றதும் தோன்றும் சொற்களை 2 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எத்தனை பேர் எழுதினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் என்று எண்ணி, முதலாண்டையும் இரண்டாமாண்டையும் ஒப்பிடுங்கள். "உதாரணமா, பண்பாடு…" என்று நீங்கள் வாய்தவறிச் சொல்லிவிட்டால் எல்லாத் தாளிலும் பண்பாடுதான் முதலில் இருக்கும். அந்தத் தாள்கள் குப்பைக்கு.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். "இன்ட்ரஸ்ட்" என்றால் அப்படியே எழுதுங்கள், "ஆர்வம்" என்று திருத்த வேண்டாம். 14 பேரில் 8 பேர் சொன்னதை 57 சதவீதம் என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். 8 பேர் என்றே எழுதுங்கள்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடாது. சின்னத் துறையில் "பொறியியல் படித்துவிட்டு வந்த இரண்டாமாண்டு மாணவி" என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முன்பு படித்த பாடம், ஆண்டு, ஊர் ஆகிய மூன்றையும் ஒரே மேற்கோளுக்கு அருகில் வைக்காதீர்கள். குடும்பம், பணம் பற்றிய மேற்கோள்களை ஆய்வேட்டைக் கொடுக்குமுன் சொன்னவரிடமே காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.