சிம்மர்மன் என்றால் அறைக்காரர் இல்லை

ஜெர்மன் படிக்க ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. எந்த ஜெர்மன்காரரின் குடும்பப் பெயரைப் பார்த்தாலும் இரண்டாகப் பிய்த்து உடனே பொருள் சொல்லிவிடுவேன். ஒரு நாள் வகுப்பில் 'சிம்மர்மன்' வந்தது. சிம்மர் என்றால் அறை, மன் என்றால் ஆள். "லாட்ஜில் ரூம் காட்டுகிறவர்" என்றேன். ஆசிரியை சிரித்து ஓய்ந்த பிறகு, "தச்சர்" என்றார். பழைய ஜெர்மனில் சிம்மர் என்பது கட்டுமானத்துக்கான மரம். மரத்தால் கட்டப்பட்ட இடத்துக்கு ஆகி வந்து, அப்புறம்தான் அது அறையானது.

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பெயர்கள் பலவும் 12 முதல் 15ஆம் நூற்றாண்டுக்குள் நிலைத்தவை. நாம் புரட்டுவதோ இன்றைய அகராதி. 'ஷுல்ட்ஸ்' பெயரில் இருக்கும் 'ஷுல்ட்' இன்று குற்றம், கடன் என்று பொருள்படும். அதனால் கடன்காரர் பரம்பரை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நிலப்பிரபுவுக்குச் சேர வேண்டியதைக் கட்டச் சொல்லி ஊராரிடம் வசூலித்த ஊர்த்தலைவரின் பதவிப் பெயர் அது, நம்மூர் மணியக்காரர் மாதிரி. முன்னாள் சான்சலர் ஓலாஃப் ஷோல்ட்ஸின் பெயரும் அதே வேர்தான். 'மையர்' என்பதை ஆங்கில 'மேயர்' என்று படிப்பது இன்னொரு சறுக்கல். இரண்டுக்கும் லத்தீன் மூலம் ஒன்றே என்றாலும், ஜெர்மன் மையர் நகரத் தலைவரல்ல; பண்ணையை மேற்பார்த்த காரியஸ்தர். யூதக் குடும்பங்களில் வரும் மையரோ, 'ஒளி தருபவர்' என்ற பொருளுள்ள மேயிர் எனும் எபிரேயப் பெயரிலிருந்து வந்திருக்கலாம்.

வட்டார வழக்கை மறப்பதும் சாதாரணமாக நடக்கிறது. தையற்காரர் பெரும்பகுதியில் ஷ்னைடர், வடக்கே ஷ்ரோடர். அதே ஷ்ரோடர், திராட்சை விளையும் பகுதிகளில் பீப்பாயைப் பாதாள அறைக்கு உருட்டி இறக்கியவர்! குயவர் தெற்கில் ஹாஃப்னர், கிழக்கில் டோப்ஃபர், வடக்கில் பொட்டர். எந்த ஊர்க் குடும்பம் என்று கேட்காமல் பொருள் சொன்னால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் என்பதும் வீண் ஆசை. மாக்ஸ் முல்லர் பவன் புண்ணியத்தில் நமக்குப் பழகிப்போன 'முல்லர்', மாவு மில்காரர். ஜெர்மனியில் மிக அதிகமாக உள்ள குடும்பப் பெயர் அதுதான். மில் இருந்த ஊரிலெல்லாம் ஒரு முல்லர் இருந்தார், அவ்வளவுதான். எழுத்து வேறு என்பதால் குடும்பம் வேறு என்றும் சொல்ல முடியாது. மையரையே நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். பாதிரியார் காதில் விழுந்ததை அப்படியே பதிவேட்டில் எழுதிய காலம் அது. நாடு முழுவதும் அரசுப் பதிவு அலுவலகம் வந்ததே 1876இல்தான்.

சரி, அந்தஸ்துக்கு வருவோம். 'கோனிக்' என்றால் ராஜா, 'கைசர்' என்றால் பேரரசர். அந்தப் பெயர்க்காரர்களின் முன்னோர் அரண்மனையில் வேலை பார்த்திருக்கலாம், திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியிருக்கலாம், பந்தா காட்டி ஊராரிடம் பட்டப்பெயர் வாங்கியிருக்கலாம். ராஜ வம்சம் என்பது மட்டும் அபூர்வம். 'ஃபோன்' ஒட்டு இருந்தாலே பிரபு என்பதும் அப்படித்தான். வட ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அது பல குடும்பங்களுக்கு வெறும் 'இன்ன ஊர்க்காரர்'. அதன் டச்சு உறவான 'ஃபான்' பேத்தோவனைப் படுத்திய பாடு தனிக்கதை. தம்பி மகன் கார்லின் காப்பாளர் யார் என்ற வழக்கு வியன்னாவில் பிரபுக்களுக்கான நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 1818இல், அந்த 'ஃபான்' பிரபுப் பட்டம் இல்லை என்று தெரிந்ததும், வழக்கைச் சாதாரண நகர நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மனிதர் நொந்துபோனார். ஆஸ்திரியா 1919இல் 'ஃபோன்' போடுவதையே சட்டம் போட்டு நிறுத்தியது. அதே ஆண்டில் ஜெர்மனி, அது பெயரின் ஒரு பகுதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டது.

ரோசன், கோல்ட் என்று தொடங்கினால் யூதர் என்று கணக்குப் போடுபவர்களுக்கு ஒரே பதில்: நாஜிக் கட்சியின் கொள்கை ஆசான் ஆல்ஃபிரட் ரோசன்பெர்க். யூத வெறுப்பையே தொழிலாக வைத்திருந்த ஆள். ரோசன்பெர்க் என்ற ஊர்கள் பல உண்டு. ஊர்ப்பெயரைப் போட்டுக்கொள்ள மதம் தடையில்லை.

வடமேற்கு மூலையிலுள்ள கிழக்கு ஃபிரீசியாவில் வம்சாவளி தேடுகிறவர்கள் பலமுறை முட்டிக்கொள்வார்கள். அங்கே வெகுகாலம், நம் இனிஷியல் மாதிரி, அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். யானின் மகன் யான்சன். அவருக்குப் பிறக்கும் பையன் வேறு பெயரில் இருப்பான். 1811இல் நெப்போலியன் ஆணை போட்டு நிலையான குடும்பப் பெயர் வைக்கச் சொன்னார். அதற்கு முந்தைய பதிவேட்டில் யான்சனைத் தேடினால் தாத்தா கிடைக்க மாட்டார். அவருடைய அப்பாவின் பெயரைத் தெரிந்துகொண்டுதான் தேட வேண்டும்.