குடித்தனக்காரர் இருக்கும் வீட்டை வாங்கும்போது

வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். மாடியில் இருப்பவரின் 11 மாத ஒப்பந்தம் பெரும்பாலும் பதிவாகியிருக்காது, வில்லங்கத்தில் வராது. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, வீட்டில் ஒருவர் குடியிருந்தாலே அவருக்குள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றுதான் கருதப்படும். ‘என்னிடம் யாரும் சொல்லவில்லையே’ என்பது எடுபடாது.

1. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே குடித்தனக்காரரிடம் பேசுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ஈபி பில் யார் கட்டுகிறார், பாக்கி ஏதும் உண்டா? அப்புறம் முக்கியமான கேள்வி: வாடகையா, லீஸா? சென்னையில் லீஸ் என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. அந்தப் பணம் திரும்ப வராமல் அவர் சாவி தரமாட்டார். விற்பவரோ அதை எப்போதோ செலவழித்திருப்பார். விற்பவர் சொல்லும் கணக்கும் குடித்தனக்காரர் சொல்லும் கணக்கும் ஒத்துப்போனால், அதை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

2. காலி வீடாக வேண்டுமென்றால் கிரய ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதுங்கள். ‘பதிவு முடிந்ததும் காலி பண்ணிடுவாங்க சார்’ என்ற பேச்சை நான் நம்பமாட்டேன். பாக்கிப் பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான் விற்பவருக்கு அவசரம்.

3. குடித்தனக்காரர் இருக்கும்படியே வாங்கினால் அட்வான்ஸ் கணக்கைத் தீருங்கள். குடித்தனக்காரர் கொடுத்தது 1 லட்சம் என்றால், பதிவு நாளில் அதை விற்பவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். நாளை அவர் காலி செய்யும்போது கேட்கப்போவது உங்களிடம்தான்.

4. பதிவு முடிந்ததும், இனி வாடகை யாருக்கு, எந்தக் கணக்கில் என்று எழுத்தில் தெரிவியுங்கள். வீடு கைமாறியது தெரியாமல் அவர் பழைய உரிமையாளருக்கே கட்டிவிட்டால், அதே வாடகையை நீங்கள் மறுபடி கேட்க முடியாது. பழைய வாடகை பாக்கியும் தானாக உங்களுக்கு வந்துவிடாது.

5. புது ஒப்பந்தம் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

அவர் காலி செய்ய மறுத்தால் வழி வாடகை நீதிமன்றம்தான். மோட்டாரை நிறுத்துவது, கரண்டைத் துண்டிப்பது என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது சட்டப்படி தப்பு. உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும்.