குரங்கு பெடல் போட்ட சைக்கிளுக்கு மறுபடி உயிர் கொடுக்க

அப்பாவின் ஹெர்குலிஸ், நீங்கள் பாருக்குள் கால் விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகிய அதே வண்டி, இன்னும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறதா? பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த அந்தக் கனமான இரும்பு பிரேம் லேசில் வீணாகாது.

முதலில் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள். ரிம்மில் துருவா? அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல்துரு போய் முலாம் பளபளக்கும். பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டாம், அந்தப் பழைய எழுத்தும் படமும் போனால் அது நம்ம வண்டியே இல்லை.

காற்று நிற்கவில்லையென்றால் உடனே பஞ்சர் தேடாதீர்கள், பெரும்பாலும் வால்டியூப்தான் காய்ந்து வெடித்திருக்கும், அந்தச் சின்ன ரப்பரை மாற்றினாலே போதும்.

அப்புறம் காட்டர் பின். பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் ஆப்பு அது. ஒரு பக்கம் நட்டு மேலே பார்த்தால் மறுபக்கம் கீழே பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் வராமல் மிதிக்கும்போது எகிறும். கழற்ற நேரடியாகச் சுத்தியலால் அடிக்காமல், மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள், மரை கெடாது.

பேரிங்குகளுக்குப் புது கிரீஸ், சரி. தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றிய பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள்.