ஜீவனாம்ச மனு: சட்ட உதவி மைய மாணவருக்கான வேலைமுறை

முதலில் எல்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் வாதாட முடியாது. 32-வது பிரிவின் கீழ் நீதிமன்றமே அனுமதித்தால்தான் உண்டு. வழக்கை நடத்தக் கட்சிக்காரர் தரும் அதிகாரப் பத்திரமான வக்காலத்தை ஏற்றுக் கையெழுத்திடுவது வழக்கறிஞர். விவரம் கேட்பதும், ஆவணம் சேர்ப்பதும், மனுவின் வரைவு எழுதுவதும் உங்கள் வேலை. எடுபிடி வேலை என்று நினைக்க வேண்டாம், ஏழைகளின் வழக்கு பலவும் சொதப்புவது இந்தக் கட்டத்தில்தான்.

கணவர் கைவிட்ட பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்று வாங்கி வரச்சொல்லி ஒரு நாள் கூலியை இழக்க வைக்காதீர்கள். வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வழக்கறிஞரும் நீதிமன்றக் கட்டணமும் அங்கிருந்தே கிடைக்கும்.

துணைக்கு வந்த அண்ணனையோ மாமியையோ வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசுங்கள். முதல் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். தேதி கேட்டால் "பொங்கலுக்கு முந்தி", "மூத்தவ ஒண்ணாவது சேர்ந்த வருஷம்" என்றுதான் பதில் வரும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீது இவற்றோடு ஒப்பிட்டு ஆண்டைப் பிடியுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் "சுமார்" என்றே எழுதுங்கள். மனுவில் ஒரு வருடமும் ரசீதில் வேறு வருடமும் இருந்தால் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

கேட்டதை வெளியே பேசாதீர்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-வது பிரிவு தரும் இரகசியக் காப்பு வழக்கறிஞர், அவருடைய குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரைச் சொல்கிறது. மாணவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே குறிப்புகள் வழக்கறிஞரின் கோப்பில்தான் இருக்க வேண்டும், உங்கள் வாட்ஸ்அப்பில் அல்ல.

மனு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் வரும் (பழைய சட்டத்தில் 125-வது பிரிவு). குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே, மற்ற இடங்களில் நீதித்துறை நடுவர் முன். அவர் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். கல்யாணப் பத்திரிகை, புகைப்படம், குடும்ப அட்டை, ஆதார் நகல்களைச் சேருங்கள். எதிர்மனுதாரரின், அதாவது கணவரின், வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்தையும் கேட்டு வாங்குங்கள். முகவரி தப்பானால் நோட்டீஸ் திரும்பி வரும், பல வாய்தா வீணாகும்.

2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இருதரப்பும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. இங்கேதான் கட்சிக்காரர் நூறு நாள் வேலைக் கூலியையும் மகளிர் குழுக் கடனையும் விட்டுவிடுவார். சொன்னால் பணம் கிடைக்காது என்ற பயம். சிறு வருமானம் இருப்பதால் மட்டும் ஜீவனாம்சம் மறுக்கப்படாது, மறைத்தது தெரிந்தால்தான் ஆபத்து என்று பொறுமையாகச் சொல்லி எழுத வையுங்கள். கைநாட்டு வைப்பவரானால் முழுவதையும் படித்துக் காட்டி, படித்துக் காட்டியதாகச் சான்றுரையும் சேர்க்க வேண்டும்.

அதே தீர்ப்பின்படி ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்காகும். வரைவை மெருகேற்றிக்கொண்டு ஒரு மாதம் கடத்தினால் போவது அவருடைய ஒரு மாதப் பணம். இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் கூடவே போட்டுவிடுங்கள்.

உத்தரவு வந்ததும் கோப்பைக் கட்டி வைக்காதீர்கள். பணம் வராத ஒவ்வொரு மாதத்துக்கும், அது கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டால்தான் வாரண்ட் பிறப்பிக்கலாம். ஒவ்வொரு மாதத்தின் கெடு தேதியையும் கோப்பின் மேலட்டையிலேயே எழுதி வைத்து, அடுத்த ஆண்டு மையத்துக்கு வரும் மாணவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.